தீர்ந்துபோனதற்கு ஒரு சொல்

ஜனவரி 9

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது, கோபம் என் மேல்தான் என்று. "என்னடி பேசுறா இவ, ஒரு எழவும் புரியலையே" என்று கத்தினாய். அது உன் மகள் காதிலும் விழுந்தது. "சித்தி, எழவுன்னா என்ன?" என்று அன்றிலிருந்து கேட்டுக்கொண்டு திரிகிறாள். நல்லவேளை, கடையில் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் வாண்டு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொள்கிறாள். அவளைப் பற்றி அவள் முன்னாலேயே எப்படிப் பேசுவது? மெசேஜ் போடலாமென்றால் இருப்பது ஜெராக்ஸ் கடை போன். ஆர்டர் வந்திருக்கிறதா என்று பைண்டர் நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்ப்பான். தவிர, எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அந்தச் சந்தோஷத்தை நான் ஏன் விடணும்?

சரி, அவள் உன்னிடம் சொன்னது இதுதான். "எனக்கு மூக்குமழை. சித்தி கால்தொப்பி போட்டுவிட்டா. விர்ரா வேணாம்." அதாவது, எனக்குச் சளி பிடித்திருக்கிறது, சித்தி சாக்ஸ் போட்டுவிட்டாள், ஃபேன் வேண்டாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக. மழை வந்தால் ஜன்னல் ஒழுகுகிறது, சளி வந்தால் மூக்கு ஒழுகுகிறது. தலைக்குப் போட்டால் தொப்பி, அதையே காலுக்குப் போட்டால் கால்தொப்பி. நம் வீட்டு ஃபேன் போடுகிற சத்தத்துக்கு விர்ரா என்று பேர் வைத்தது குறைச்சல்தான்.

காலையில் விளையாட்டுப் பள்ளியில் விடுகிறேன். மதியத்துக்கு மேல் கடைக்கே கூட்டி வந்துவிடுகிறேன். பைண்டிங் மேசைக்கு அடியில், வெட்டி விழுந்த காகிதத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பாள். மேலே இரண்டு ஜெராக்ஸ் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும், கீழே இவள் வாய் ஓடிக்கொண்டிருக்கும். முந்தாநாள் வக்கீல் குமாஸ்தா மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஃபைலோடு வந்தார். பைண்டர் சும்மா இல்லாமல், "என்ன சார், மூக்குமழையா?" என்றான். மனுஷன் சிரித்துவிட்டுப் போனார். இன்றைக்கு அவரே வந்து, "இந்த மூக்குமழை நின்னபாடில்லையே" என்கிறார். ஐம்பது வயசு ஆள்!

நீ இதையெல்லாம் கேட்டுச் சிரிக்கணும் அக்கா. கோபப்பட இதில் ஒன்றுமே இல்லை.

தங்கச்சி

*

பிப்ரவரி 2

அடியே,

சிரிக்கணுமாம். சொல்லுவாய், சொல்லமாட்டாயா பின்னே. தினமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறவள் நீ.

உன் கடிதம் வந்ததும் அந்த வார்த்தைகளையெல்லாம் மனப்பாடம் செய்தேன். கடல் தாண்டி வந்து வேலை பார்க்கிற இந்தச் சலவைக்கூடத்தில் போனை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போகணும். உருளை இஸ்திரி மெஷினுக்குள் படுக்கை விரிப்பு போய் வெளியே வருகிற நேரத்தில் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். மூக்குமழை, கால்தொப்பி, விர்ரா. என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் படுப்பவள், "மந்திரமா சொல்றே?" என்று கேட்டாள். "ஆமா, மகளை மயக்குற மந்திரம்" என்றேன். நான் பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

போன ஞாயிறு கூப்பிட்டபோது அவள் இருமினாள். நான் ஆசை ஆசையாக, "என் பட்டுக்கு மூக்குமழையா?" என்றேன். என்ன சொன்னாள் தெரியுமா? "அது பாப்பா பேசுறது. எனக்குச் சளி." சொல்லிவிட்டுப் பின்னால் திரும்பி உன்னிடம், "அம்மாவுக்குச் சளின்னே தெரியல" என்றாள். நீயும் சிரித்தாய். கேட்டது.

நான் கிளம்பும்போது அவள் நடக்கப் பழகிய புதிது. அவளுக்கு இருந்ததே நாலைந்து வார்த்தை. நாலைந்தும் நான் வாயில் ஊட்டியது. இன்றைக்கு அவள் வாயில் இருக்கிற ஒன்றுகூட என்னைக் கேட்டு வந்ததில்லை. ஒன்றை நான் படித்து முடிப்பதற்குள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுகிறாள். துரத்திக்கொண்டே இருக்கச் சொல்கிறாயா என்னை?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நல்ல வார்த்தையாகச் சொல்லிக் கொடு. சாக்ஸ் என்றால் சாக்ஸ், ஃபேன் என்றால் ஃபேன். ஊர் உலகத்தில் எல்லாரும் பேசுகிற மாதிரி அவளும் பேசினால், எங்கே இருந்தாலும் எனக்குப் புரியும். அவள் ஏதாவது உளறினால் நீங்கள் எல்லாரும் கைதட்டிச் சிரிக்காதீர்கள். பைண்டரிடமும் சொல்லிவை. அவன் அடிக்கிற கூத்துக்கு என் மகள்தானா கிடைத்தாள்?

அக்கா

*

மார்ச் 6

அக்கா,

உன் உத்தரவுப்படி வாத்தியார் வேலை பார்த்தேன். பலன் கேட்டுக்கொள்.

"இது கால்தொப்பி இல்லடி, சாக்ஸ். சொல்லு, சாக்ஸ்." "சாக்ஸ்" என்றாள், பவ்யமாக. எனக்கோ பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலமே செருப்புக்கடையில் போய் நின்றுகொண்டு, "அங்கிள், எனக்குச் சிவப்புக் கால்தொப்பி குடுங்க" என்றாள். கடைக்காரர் ஒரு வினாடி முழித்தார், அப்புறம் சரியாகச் சாக்ஸை எடுத்துப் போட்டார். விளக்கமே தேவைப்படவில்லை. இப்போது அந்தக் கடையில் சின்னப் பிள்ளைகள் வந்தால், "கால்தொப்பி பாக்குறீங்களா?" என்றுதான் கேட்கிறாராம். இதில் நான் யாருடைய வாயை மூடுவது?

வேடிக்கை என்னவென்றால், அவளை விட்டுப் போன வார்த்தைகள் எங்களை விட்டுப் போவதில்லை. மூக்குமழையை அவள் கழற்றிப் போட்டுவிட்டாள், குமாஸ்தா கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நீதிமன்றத்தில் யாரிடமோ சொல்லி, அங்கேயும் இரண்டு பேர் சொல்கிறார்களாம். அவர்களுக்கு வாண்டு என்று ஒருத்தி இருப்பதே தெரியாது.

நான் சிரித்தது தப்புதான். சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய? ஆனால் நான் வேண்டுமென்றே அவளை உன்னிடமிருந்து பிரிக்கிற மாதிரி எழுதியிருக்கிறாயே, அது எனக்குச் சுருக்கென்றது. காலை ஆறு மணிக்கு எழுந்து அவளுக்குத் தலைவாரி, கடைக்குப் போய், ராத்திரி அவளைத் தூங்கவைத்து, நடுவில் உனக்கு அகராதியும் போட்டு அனுப்புகிறேன். இதற்கு மேல் எனக்குத் தெம்பில்லை.

எல்லா வார்த்தையையும் உனக்கு எழுத முடியாது அக்கா. சிலது எழுதும்படி இல்லை. அது போகட்டும். லீவு விஷயம் என்ன ஆச்சு? இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்றாயே, கொடுத்துவிடாதே. முதலில் வந்து அவளைப் பார்.

தங்கச்சி

*

மார்ச் 30

எழுதும்படி இல்லாத வார்த்தை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்று மதியம் கூப்பிட்டேன். பைண்டர் எடுத்தான். "தங்கச்சி எங்கேப்பா?" என்றேன். "பேப்பர் அம்மாயிடுச்சுக்கா, வாங்கப் போயிருக்கு" என்றான். எனக்குப் புரியவில்லை. "என்ன ஆயிடுச்சு?" என்றேன். "அம்மாயிடுச்சுக்கா. தீர்ந்துடுச்சு. காலியாயிடுச்சு. நம்ம வாண்டு சொல்றதுதான், இப்ப தெருவே அப்படித்தான் சொல்லுது" என்று சிரிக்கிறான். அவனுக்கு உள்நோக்கம் ஒன்றும் இல்லை. சிரித்து முடித்த பிறகுதான் யாரிடம் பேசுகிறோம் என்று உறைத்திருக்கும் போல. "அக்கா... லைன்ல இருக்கீங்களா?" என்றான். நான் வைத்துவிட்டேன்.

தீர்ந்துபோனால் அம்மாயிடுச்சு. காலியானால் அம்மாயிடுச்சு.

நான் கேட்பது இது ஒன்றுதான். என் மகள் சொன்னாள், சரி, அவள் குழந்தை. நீ பக்கத்தில்தானே இருந்தாய்? பட்டென்று வாயில் போட்டு, "அப்படிச் சொல்லக் கூடாது" என்று சொல்ல உனக்கு என்ன கேடு? தெருவே சொல்கிறது என்றால் அது ஒருநாளில் வந்ததாக இருக்காது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பேசியிருக்கிறாய், நல்லா இருக்கா, சாப்பிட்டா, தூங்கிட்டா என்று. இதை மட்டும் விழுங்கிவிட்டாய்.

நீயும் சொல்கிறாயா? உண்மையை எழுது.

*

ஏப்ரல் 14

அக்கா,

சொல்கிறேன். நானும் சொல்கிறேன். போதுமா?

எப்படி வந்தது என்று எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டு. மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. நான் மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வாரமாகவே அவள், "அம்மா எங்கே, அம்மா எங்கே" என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். "அம்மா போயிருக்காங்க, வருவாங்க" என்று நானும் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். இருட்டுக்குள்ளிருந்து சன்னமாக ஒரு குரல், "சித்தி, லைட்டும் அம்மாயிடுச்சா?"

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். நான் அழுவதைக் கேட்டு அவளும் அழுதாள். அப்போது கரண்ட் வந்துவிட்டது. அவள் கையைத் தட்டினாள்.

அடுத்தது பால். பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "பால் அம்மாயிடுச்சு. காலையில வந்துடும்" என்றாள். ஒன்று கவனி அக்கா. அவள் எல்லாவற்றுக்கும் அதைச் சொல்லமாட்டாள். பொம்மை கை ஒடிந்தால் ஒடிஞ்சுபோச்சு என்பாள். பலூன் வெடித்தால் செத்துப்போச்சு என்பாள். திரும்பி வருகிறதுக்கு மட்டும்தான் அந்த வார்த்தை. கரண்ட், பால், ராத்திரியில் சூரியன். நீயும் அப்படித்தான் என்று அவள் நினைத்திருக்கிறாள். அதில் என்ன கெட்டது இருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். விட்டது தப்பாகப் போயிற்று.

கடையில் டோனர் தீர்ந்தபோது அவள் சொன்னாள். பைண்டர் பிடித்துக்கொண்டான். முதலாளி போனில் சப்ளையரிடம், "டோனர் அம்மாயிடுச்சுய்யா, சீக்கிரம் அனுப்பு" என்றார். எதிர்த்த மருந்துக்கடையில், "அந்த மாத்திரை அம்மாயிடுச்சு, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். குழந்தை வைத்திருந்த கணக்கெல்லாம் அங்கே இல்லை. தொலைந்தது, உடைந்தது, செத்தது, எல்லாவற்றுக்கும் அதுதான். போன வாரம் ஒரு பையன், தன்னோடு பழகிக்கொண்டிருந்த பெண் பேசுவதை நிறுத்திவிட்டாளாம், "அம்மாயிட்டா மச்சான்" என்று நண்பனிடம் சொல்லி அழுதுகொண்டிருந்தான். கேட்டுக்கொண்டே அவனுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன்.

நான் தடுக்காமல் இல்லை. பைண்டரிடம் சண்டை போட்டேன். இரண்டு நாள் வாயைக் கட்டினான். மூன்றாம் நாள் மறந்துவிட்டான். வாண்டைத் திட்டினால் அவளுக்கு அது விளையாட்டாகிவிடுகிறது, என் முகத்துக்கு நேராக இன்னும் சத்தமாகச் சொல்கிறாள். மருந்துக்கடைக்காரரிடம் போய், "சார், அது எங்க அக்காவைச் சொல்றது, தயவுசெஞ்சு சொல்லாதீங்க" என்று கேட்கவா? கேட்கத்தான் போனேன். வாசல்வரை போய்விட்டுத் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் குளித்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் நின்றது. "ச்சே, தண்ணி அம்மாயிடுச்சு" என்றேன். என் வாய்தான். குளியலறைக்குள் தனியாக நின்றுகொண்டு, யாரும் கேட்டுவிடவில்லையே என்று கதவைப் பார்த்தேன்.

உன்னிடம் இதை எப்படி எழுதுவேன் சொல்லு.

தங்கச்சி

*

மே 5

தங்கச்சிக்கு,

திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

இங்கே எங்கள் சலவைக்கூடத்தில் நாலு நாட்டுப் பெண்கள் இருக்கிறோம். ஒருத்தி பேசுவது ஒருத்திக்குப் புரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு கலவை பாஷை உண்டு. கிழிந்து வருகிற விரிப்புக்கு அதில் ஒரு பேர் இருக்கிறது. நான் வந்த முதல் நாளே கற்றுக்கொண்ட வார்த்தை அது. உன் கடிதத்தைப் படித்த மறுநாள் மேல்கட்டில்காரியிடம் கேட்டேன், இந்த வார்த்தை எந்த பாஷை என்று. எந்த பாஷையும் இல்லையாம். எங்களுக்கெல்லாம் முன்னால் இங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் பேராம். அவள் விரிப்பைக் கிழித்தாளா, கிழிந்ததை உட்கார்ந்து தைத்தாளா, இல்லை கிழிந்ததை மறைத்துவைத்து மாட்டிக்கொண்டாளா, யாருக்கும் தெரியாது. எந்த ஊர்க்காரி என்றும் தெரியாது. நான் இத்தனை நாளாக அந்த மகராசியின் பேரைச் சொல்லித்தான் கிழிசலை மூலையில் வீசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்றைக்கு அந்தப் பேரைச் சொல்லக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். "கிழிஞ்சது ஒண்ணு" என்று என் பாஷையில் சொன்னேன். யாருக்கும் விளங்கவில்லை. சூப்பர்வைசர் வந்து, "என்ன பிரச்சினை?" என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் அந்தப் பெண்ணின் பேரைத்தான் சொன்னேன். உடனே விளங்கிவிட்டது.

அதனால் உன் மேல் கோபம் இல்லை. இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன பண்ண?

லீவு கொடுத்துவிட்டார்கள். ஜூன் மூன்றாம் தேதி வருகிறேன். ஒரு மாதம். கையெழுத்தை வந்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, சிரிக்காதே. நான் இல்லை, அதனால்தானே அந்த வார்த்தை பிறந்தது? நான் வந்து அவள் முன்னால் முழுசாக நின்றுவிட்டால் அதற்கு என்ன வேலை? ஒரு வாரத்தில் தானாக உதிர்ந்துவிடும். தெருவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எவனோ எதையோ சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் வாயிலிருந்து மட்டும் அது போகணும். அம்மா என்றால் அவளுக்கு இருக்கிற ஆளாக இருக்கணும், இல்லாமல் போனதாக இருக்கக் கூடாது. அது நடந்தால், அங்கேயே தங்கிவிடுவதைப் பற்றிக்கூட யோசிப்பேன்.

அக்கா

*

மே 24

அக்கா,

வா. நாங்கள் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரே ஒரு விஷயம். விமானநிலையத்தில் பார்த்தவுடன் பாய்ந்து தூக்கிவிடாதே. அவளுக்கு நீ கையளவு போனுக்குள் இருக்கிற ஆள். நேற்று, "அம்மா எவ்ளோ பெருசு?" என்று கேட்டாள். "என்னைவிடக் கொஞ்சம் உயரம்" என்றேன். நம்பவே இல்லை.

இன்னொன்று. ஒரு வார்த்தையை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வராதே. மகளைப் பார்க்க வா. நான் வாயைக் கட்டி, திட்டி, கெஞ்சி, எல்லாம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீ சொல்கிறபடி நடந்தால் உன்னைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

தங்கச்சி

*

ஜூலை 12

தங்கச்சிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். மறுநாளே உருளை இஸ்திரியில் நிறுத்திவிட்டார்கள். கால் வீங்கியிருக்கிறது.

அங்கே இருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்றை எழுதுகிறேன். முதல் சில நாள் அவள் உன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாளே, அது எனக்கு வலிக்கவில்லை. நான் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அப்புறம் அவளாகவே வந்தாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைவரை நடந்தாள். ராத்திரி என் பக்கத்தில் படுத்து, என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். "அம்மா, அம்மா" என்று ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிட்டாள். எனக்கு வாழ்க்கையில் வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

இரண்டாவது வாரம் அவளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நீ கடைக்குப் போயிருந்தாய். சோப்பு கரைந்து தேய்ந்து கையிலிருந்து நழுவிச் சாக்கடைக்குள் போய்விட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "அம்மா, சோப்பு அம்மாயிடுச்சு."

நான் அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கை அவள் தலையில் இருக்கிறது. அப்படியிருக்கச் சொல்கிறாள். "அம்மாதான் இங்கயே இருக்கேனே கண்ணு, அப்புறம் ஏன் அப்படிச் சொல்றே?" என்று கேட்டேன். அவளுக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. பாவம் அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்கிற மாதிரி, பொறுமையாக, "சோப்புதான் இல்ல. நீ இருக்கே" என்றாள்.

அவள் காதில் அந்த வார்த்தைக்குள் நான் இல்லவே இல்லை. அம்மா என்பது வேறு, அம்மாயிடுச்சு என்பது வேறு. எங்கிருந்து வந்தது என்று அவளே மறந்துவிட்டாள். உண்டாக்கினவளே மறந்துபோனதை நான் வந்து நின்று எப்படி எடுப்பது? நான் இருந்தாலும் அது இருக்கும். நான் இல்லாவிட்டாலும் இருக்கும். அன்றைக்கு எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட வந்தது, என்னைச் சொல்லவில்லையே என்று. நிம்மதி வந்தது எனக்கே பிடிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருஷம். உன் சம்பளத்தில் வாடகையும் அவள் பள்ளிக்கூடமும் ஓடாது. அவள் அப்பன் திரும்பிப் பார்க்கிற ஜாதி இல்லை. எனக்கு அங்கே யார் வேலை வைத்திருக்கிறார்கள்? எல்லாம் நீயும் நானும் பேசிப் பேசிப் பார்த்ததுதான். நீ அழுதாய், ஆனால் வேண்டாமென்று சொல்லவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன்.

அவள் தூங்கும்போதே கிளம்பியதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. முழித்திருந்தால் விடமாட்டாள் என்று நீ சொன்னாய். காதிலிருந்து அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

காலையில் எழுந்து என்ன செய்தாள்? போன ஞாயிறு போனில் வரவே மாட்டேன் என்றுவிட்டாளே, ஏன்? அந்த வார்த்தையை என்னைப் பற்றிச் சொன்னாளா? எதையும் விழுங்காதே. அப்படியே எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 1

அக்கா,

விழுங்காமல் எழுதுகிறேன். நீ கேட்டதால் எழுதுகிறேன்.

காலையில் எழுந்ததும் கட்டிலைத் தடவிப் பார்த்தாள். குளியலறையில் போய்ப் பார்த்தாள். உன் பெட்டி இருந்த இடத்தில் போய் நின்றாள். அழுவாள் என்று நான் கையை விரித்துக்கொண்டு நிற்கிறேன், அழவில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கடை போனை எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். பல் தேய்க்க வந்தாள்.

கடையில் எல்லாருக்கும் தெரியும், நீ போய்விட்டாய் என்று. அன்றைக்கு எல்லாரும் வார்த்தையைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். பைண்டர் பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, "முதலாளி, பசை அம்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "பசை தீர்ந்துடுச்சு" என்றான். முதலாளிக்கே அது ஏதோ புது வார்த்தை மாதிரி இருந்திருக்கும், "என்னது?" என்றார். வாண்டு மேசைக்கு அடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியத்துக்கு மேல் வெளியே வந்தாள். "சித்தி, அம்மா என்ன ஆயிட்டாங்க?"

ஜெராக்ஸ் எடுக்க நின்றிருந்த குமாஸ்தாவுக்கு முன்கதை எதுவும் தெரியாது. குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி குனிந்து, "அம்மா அம்மாயிட்டாங்களா?" என்றார். எனக்கு அவரை அறையலாம் போல் இருந்தது.

ஆனால் அவள்தான் சீறினாள். "இல்ல! அது பாலுக்கு. கரண்டுக்கு. அதெல்லாம் வந்துடும்." அப்புறம் குரல் தழைந்துவிட்டது. "அம்மா வந்தாங்க. திருப்பியும் இல்ல. அதுக்கு என்ன சொல்லணும்?"

குமாஸ்தா பதறிப்போய், "ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லணும்மா" என்றார். "ஊருக்குப் போனா என்கிட்ட சொல்லிட்டுத்தான போவாங்க" என்றாள். அவர் ஃபைலைப் பிரித்துப் பக்கம் எண்ண ஆரம்பித்தார். "சீக்கிரம் வந்துடுவாங்க குட்டி" என்றான் பைண்டர். "சீக்கிரம் வேணாம். அது சும்மா சொல்றது" என்றாள். "வேலைக்குப் போயிருக்காங்க" என்றார் முதலாளி. "சித்தியும்தான் வேலைக்குப் போறா. சாயங்காலம் வீட்டுக்கு வர்றால்ல?" எங்களிடம் இருந்தது அவ்வளவுதான் அக்கா. நாலு பெரியவர்கள், நாள் முழுக்க எழுத்துக்கு நடுவிலேயே கிடக்கிறவர்கள். ஒவ்வொன்றாக நீட்டினோம், ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள்.

அப்புறம் என்னைப் பார்த்தாள். நான், "எனக்குத் தெரியலடா கண்ணு" என்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.

"சரி, நானே யோசிக்கிறேன்" என்றாள்.

அன்றிலிருந்து மேசைக்கு அடியில்தான். விளையாடுவதில்லை. புதிதாக ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனை நீட்டினால், "இன்னும் வரல, அப்புறம் பேசுறேன்" என்கிறாள். உன் மேல் கோபத்தில் வராமல் இருக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்காதே. உன்னிடம் சொல்வதற்குத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.

உனக்கு ஏதாவது தோன்றினால் எழுதி அனுப்பு, அவளிடம் சொல்லிப் பார்க்கிறேன். நான் ராத்திரியெல்லாம் தேடிவிட்டேன், என்னிடம் இல்லை.

இப்போதும் என் காலடியில்தான் இருக்கிறாள். மெதுவாக வாய் அசைகிறது, எதையோ சொல்லிப் பார்க்கிறாள், தலையை ஆட்டி அழிக்கிறாள். மேலே மெஷின் ஓடுகிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இவள் கண்டுபிடித்துவிடுவாள்.

தங்கச்சி